கிணற்றில் ஒயில் மிதந்தால் முதலில் திகதியைக் குறித்து வையுங்கள்

பழைய பற்றரியை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டில், கழிவு ஒயிலைக் கானுக்குள் ஊற்றும் கராஜ், டயர் எரிக்கும் வளவு. திருகோணமலையில் இப்படியான பிரச்சினைகளோடு சட்டத்தரணியைத் தேடி வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரே கடதாசிதான் இருக்கும். ஊரவர் கையெழுத்து வைத்து யாரோ ஓர் அரசியல்வாதிக்குக் கொடுத்த மகஜர். அதில் திகதிகூட இராது. எப்போது தொடங்கியது என்று கேட்டால், "கன காலமா நடக்குது சேர்" என்பார்கள்.

வழக்கு அங்கேயே பாதி போய்விடும். அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை. நஞ்சோ ஒரு மாதக் கணக்குக்குள் அடங்காது. ஈயம் பிள்ளைகளின் உடம்பில் சத்தமில்லாமல் சேருகிறது. பிள்ளை படிப்பில் பின்தங்கும்போது பக்கத்து வளவுப் புகையை யாரும் சந்தேகிப்பதில்லை. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குத் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"இது சுகாதாரப் பிரச்சினைதானே, மனித உரிமை எங்க வருது?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூய்மையான, ஆரோக்கியமான சுற்றாடல் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச் சபை 2022 ஜூலை 28இல் தீர்மானம் நிறைவேற்றியது. நமது அரசியலமைப்பில் அப்படி நேரடியாக எழுதப்பட்ட உரிமை இல்லை. சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று அதன் 27(14)ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. அதனால் சமத்துவ உரிமையைத் தரும் 12(1)ஆவது உறுப்புரை வழியாகப் போகிறோம். அனுமதிப்பத்திரம் கொடுத்துவிட்டுக் கண்காணிக்காமல் இருந்த அதிகாரசபை, சட்டத்தின் சமமான பாதுகாப்பை உங்களுக்குத் தரவில்லை என்பதே வாதம்.

இந்த வாதம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வழக்கில் வென்றது. மின் நிலையத்தின் ஒயில் நிலத்தடி நீரில் கலந்து கிணறுகள் கெட்ட வழக்கு அது. 2015இல் மனுத் தாக்கலானது, 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கடமையைச் செய்யாத அரச நிறுவனங்களையும் அது விடவில்லை. இத்தனைக்கும் மனுதாரர் சுன்னாகத்துக்காரர் அல்ல. பொது நலனுக்காக வந்தவர்.

அடிப்படை உரிமை மனு அரச நிறுவனங்களின் செயலுக்கும் செயலின்மைக்கும் எதிரானது என்பதால், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பிரதேச சபைக்கும் நீங்கள் முதலில் எழுத்தில் முறைப்பாடு செய்திருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமே உங்களுக்குச் சாட்சி.

கொழும்புக்கு ஓட வசதியில்லையா? அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறையிட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வரும். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், விசாரணைக் கடிதங்களைக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமை. அந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உண்டா, நிபந்தனைகள் என்ன, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு தொடர்புடைய தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். இந்த இரண்டாவது விதியை ஏனோ யாரும் பயன்படுத்துவதில்லை.

ஒயில் கலந்த தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதானால் கண்ணாடிப் போத்தலில் எடுங்கள். பிளாஸ்டிக்கில் ஒயில் ஒட்டிக்கொள்ளும். எப்படி எடுப்பது என்று ஆய்வுகூடத்தையே முன்கூட்டிக் கேட்பது நல்லது. பிள்ளைகளின் கிளினிக் கொப்பியையும் தொலைக்க வேண்டாம்.

சின்ன இடங்களுக்கு உயர் நீதிமன்றம் தேவையில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆவது பிரிவில், பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவானே கட்டளையிடலாம். இதில் சட்டத்தைவிடக் கஷ்டமானது உறவு. கொட்டில்காரர் பெரும்பாலும் நம்ம ஆளாக இருப்பார். பள்ளிவாசலிலோ கோயிலிலோ நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது, கையுறைகூட இல்லாமல் அங்கே வேலை செய்யும் நம்ம பொடியன்கள்தான்.

கட்டி முடித்த பிறகு போராடுவதைவிடக் கட்டுமுன் தடுப்பது சுலபம். சம்பூர் அனல்மின் நிலையத்துக்கு எதிரான அடிப்படை உரிமை வழக்கில், அந்தத் திட்டம் அங்கே முன்னெடுக்கப்படாது என்று 2016 செப்டெம்பரில் அரச தரப்பே உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக்கும் பாதரசமும் இருக்கும். கொட்டியார்க் குடாவை நம்பி வாழும் மீனவர்களுக்கு அது சின்ன விஷயமா?

பெரிய திட்டமொன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால், தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட வேண்டும். கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. மீனவர் சங்கமும் விவசாயச் சங்கமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்கென்று ஓர் ஆளை நியமித்தால் போதும். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தை நாடலாம். போகும்போது திகதி போட்ட கடிதப் பிரதிகளும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.