இடுப்புயரம் போதும், மெஷின் சாக

உசிலம்பட்டியில் ஒரு மருத்துவமனைக்குப் போன டயாலிசிஸ் மெஷின் அது. கப்பலூர் குடோனிலிருந்து குட்டியானையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, வாசலில் இறக்கும்போது கை நழுவிவிட்டது. "நேரா நின்னமேனிக்குத்தான் சார் விழுந்துச்சு, பெட்டிகூடக் கிழியல" என்றார் லோடுமேன் அண்ணன். உண்மைதான், கிழியவில்லை. பிரித்தால் நாலு பக்கமும் தெர்மாகோல், கீறல்கூட இல்லாமல். அடியில் மட்டும் வெறும் பலகை. மெஷின் தன் சின்னச் சக்கரங்களிலேயே நின்றுகொண்டிருந்தது. முன்சக்கரம் ஒன்றின் தண்டு அடித்தகட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே ஏறியிருந்தது.

சரக்குச் சேதம் பார்க்கும் சர்வேயர் நான். நசுங்காத தெர்மாகோலைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

விழுந்த உயரத்தை, நிற்பதற்குள் நசுங்கிய ஆழத்தால் வகுத்துப் பாருங்கள். வண்டித் தளம் சுமார் 70 சென்டிமீட்டர். பலகை அரை சென்டிமீட்டர் அமுங்கியது என்றே வைப்போம். மெஷின் தன் எடையைப்போல் 140 மடங்கு அடி வாங்கியிருக்கிறது. எண்பது கிலோ மெஷினுக்கு இது என்ன கணக்கு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது இதைவிட முரட்டுச் சரக்கு ஒன்று. எதிரி எல்லைக்குள் விழுந்த விமானிக்கு, அவனே ஓட்டித் தப்பி வர ஒரு குட்டி வாகனத்தைப் பாராசூட்டில் போட்டால் என்ன? 1950களில் அமெரிக்க ராணுவத்தாருக்கு இந்த யோசனை இருந்தது. ஹில்லர் ரோட்டார்சைக்கிள் என்ற ஒற்றை ஆள் ஹெலிகாப்டர் பறந்தும் காட்டியது. மடித்துப் போட்டால், விமானியே ஸ்பேனர் இல்லாமல் பூட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். குட்இயர் நிறுவனமோ 1956-ல் காற்றடைக்கிற ரப்பர் விமானத்தையே 12 வாரத்தில் செய்து காட்டியது. இரண்டும் படையில் நிலைக்கவில்லை. ஆனாலும் போடப்போகிற பொருளையே மடங்குகிற மாதிரி யோசித்தார்களே, அது எனக்குப் பிடிக்கும்.

மடங்காத சாதாரணச் சின்ன விமானம் என்றால் தலைவலி வேறு. இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். சரக்கைப் போடுகிற ஹெர்குலிஸ் ராணுவ விமானத்தின் வயிற்றகலமோ 3 மீட்டர் சொச்சம். இறக்கையைக் கழற்றியாக வேண்டும். பாராசூட்டில் வரும் கனச்சரக்கு தரையைத் தொடும் வேகம் வினாடிக்கு சுமார் 8 மீட்டர். மூன்று மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து தள்ளிவிட்ட மாதிரிதான். சின்ன விமானத்தின் சக்கரங்கள் தாங்கும் இறங்குவேகம் வினாடிக்கு 3 மீட்டர் வாக்கில்தான். வேகத்தின் வர்க்கத்தில் அடி ஏறும் என்பதால் ஏழு மடங்கு அதிகம். சக்கரத்தை நம்பி இறக்கினால் உசிலம்பட்டிக் கதைதான்.

ஜீப்பைப் பாராசூட்டில் போடுகிறவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். தட்டுமேல் தேன்கூடு மாதிரிக் கண்கண்ணான காகித அட்டையை அடுக்கி, வண்டியின் சட்டத்தை அதன்மேல் உட்காரவைப்பார்கள். பாரம் சக்கரத்துக்குப் போகாது. முப்பது சென்டிமீட்டர் அடுக்கு இருபது நசுங்கினால் அடி பதினாறு மடங்கோடு நின்றுவிடும். உசிலம்பட்டியைவிட நாலு மடங்குக்கு மேல் உயரம், ஒன்பதில் ஒரு பங்கு அடி! ஸ்பாஞ்ச் போலத் திரும்ப எம்பிக் குதிக்கவும் செய்யாது.

இந்த அட்டை பேக்கிங் கடைகளில் ஹனிகோம்ப் போர்டு என்ற பெயரில் கிடைக்கிறது. மெஷினின் எடையைச் சொல்லி வாங்குங்கள். மெத்தென்று இருந்தால் முதல் குலுக்கலிலேயே படுத்துவிடும், விறைப்பாக இருந்தால் பலகைக்குச் சமம். சக்கரத்தில் பாரம் இறங்காதபடி, அட்டையை மெஷினின் சட்டத்தடியில் வையுங்கள். விழுந்துவிட்டால் பெட்டியை எறியாமல் படம் எடுத்து, சேதத்தை லாரிக்காரர் தரும் சரக்கு ரசீதில் (எல்ஆர்) எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாற்று மெஷின் வந்தபோது நானும் போயிருந்தேன். அதே லோடுமேன் அண்ணன் அட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "என்ன சார் இது அமுங்குது? நல்ல கட்டையாப் போடச் சொல்லக்கூடாதா?"

"அமுங்குறதுக்குத்தாண்ணே காசு குடுத்திருக்கு" என்றேன். அவர் நம்பினமாதிரி தெரியவில்லை.