எப்போதிலிருந்து இந்த அசதி?

"டாக்டரம்மா, ஒரே அசதியா கீது. ஒரு குளுக்கோஸ் போட்டு உடுங்க."

தண்டையார்பேட்டையில் கிளினிக் வைத்த நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு ராத்திரியும் ஷட்டரை இறக்கியதில்லை. சொல்பவர் காசிமேட்டில் ஐஸ் உடைப்பவராக இருக்கலாம், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணாக இருக்கலாம். குளுக்கோஸ் ஏறினால் ஒரு மணி நேரம் படுத்திருப்பார்கள். பலருக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான். அதனால் தெம்பு வந்த மாதிரி இருக்கும். பாட்டிலில் இருக்கும் சர்க்கரையை இரண்டு டீயிலேயே குடித்துவிடலாம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான். பெண்கள் என்றால் முதலில் ஹீமோகுளோபின் பார்க்கிறேன். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அப்புறம் தைராய்டு, சர்க்கரை. குறட்டை விட்டுத் தூங்கியும் தூங்காத மாதிரி எழுந்திருப்பவர்கள். சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கி, கர்ப்பம் ஆனபிறகு மூச்சு வாங்கும்போதுதான் அது தெரியவரும் பெண்கள். மனச்சோர்வு. இதையெல்லாம் பார்க்காமல் அபூர்வ நோயைத் தேடுவது வைத்தியம் ஆகாது.

இந்தக் கட்டுரை, இவை எல்லாவற்றையும் பார்த்தபிறகும் ரிப்போர்ட் நார்மல் என்று வந்து, அசதி மட்டும் அப்படியே இருப்பவர்களைப் பற்றியது. இவர்களிடம் "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் "ரெண்டு மாசமா" என்பார்கள். அது பொய் இல்லை, ஆனால் கணக்கு தப்பு. ரெண்டு மாசத்துக்கு முன்னால் புது வேலையில் சேர்ந்திருப்பார்கள், அல்லது மூன்றாம் மாடிக்குக் குடிபோயிருப்பார்கள். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் ஒன்றை யாரும் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. "நான் அப்படித்தான்" என்று சுபாவக்கணக்கில் எழுதிவிடுவார்கள். வீட்டில் அதற்கு வேறு பெயர்: சோம்பேறி. இப்போதெல்லாம் நான் வேறு மாதிரி கேட்கிறேன். "மூணாங்கிளாஸ்ல ஓட்டப்பந்தயம் வெச்சாங்களே, எத்தனாவதா வந்தீங்க?"

இந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஓர் இளைஞன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இருபத்து நாலு வயது, நல்ல உடம்பு. போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். கான்ஸ்டபிள் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எண்ணூர் பக்கம் கடலோர ரோட்டில் விடியற்காலையில் நண்பர்களோடு ஓடப் போனவன், முதல் இரண்டு நிமிடத்திலேயே பின்தங்கியிருக்கிறான். ரோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். தொடை இரண்டும் கட்டையாகி, "அப்டியே இஸ்துக்கினு" உட்கார்ந்தவனைத் தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது.

பயந்து என்னிடம் வந்தான். சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தால் ரத்தம் இருக்கிறது என்றது. மைக்ராஸ்கோப்பில் பார்த்த டெக்னீஷியனோ சிவப்பணு ஒன்றுகூட இல்லை என்றார். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் டாக்டருக்கு மணி அடிக்க வேண்டும். அது ரத்தம் இல்லை, தசை உடைந்து கசிந்த மையோகுளோபின் என்ற புரதம். சி.பி.கே. என்ற தசை என்சைம் சாதாரணமாக 200-க்குள் இருக்கும். அவனுக்கு 60,000-ஐத் தாண்டியிருந்தது. அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றி, சிறுநீரகம் கெடாமல் தப்பினான். சலைன் உண்மையிலேயே உயிர் காத்த இடம் இது.

ஒரு மாதம் கழித்து, ஓட்டமும் இல்லாமல் ஓய்வில் இருந்தபோது சி.பி.கே. எடுத்தோம். 1,800. ஓய்விலும் இப்படி என்றால் அடியில் ஏதோ இருக்கிறது. பழைய ஃபைலைக் கொண்டுவரச் சொன்னேன். பத்தொன்பது வயதில் ஒரு ரிப்போர்ட்: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் உயர்வு. காமாலை என்று சொல்லி, ஒரு மண்டலம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பும் எண்ணெயும் நிறுத்தியிருக்கிறார்கள். "குடிக்கிறியா?" என்று அப்பா அடித்தும் இருக்கிறார். இந்த இரண்டு என்சைமும் ஈரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உண்டு. தசையில் இல்லாத ஈரல் என்சைமான ஜி.ஜி.டி.யையும், தசையின் சி.பி.கே.யையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஈரல் மேல் பழி விழுந்திருக்காது. அடுத்த தாளில் பி12 ஊசி ஐந்து, வைட்டமின் டி எட்டு வாரம், "வாக்கிங் போகவும்". அதில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அதற்கு மேல் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஆதியிலிருந்து கேட்டேன்.

பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் வயிற்றுவலி வந்துவிடுமாம். வியாசர்பாடியில் கால்பந்து, ராயபுரத்தில் பாக்ஸிங் என்று பையன்கள் ஓடுகிற ஊரில் இவன் கேரம் போர்டைப் பிடித்துக்கொண்டான். "உக்காந்து ஆடலாம்ல, அதான்." (கேரத்துக்கும் குறைச்சலில்லை, 2024-ல் உலகக் கோப்பை வென்ற காசிமா வடசென்னைப் பெண்தான்.) கடைக்குப் போகும்போது ஐந்து நிமிடம் நடந்ததும் ஏதாவது பஸ் ஸ்டாப்பில் நின்று, பஸ் பார்ப்பதுபோல நடிப்பான். ஒரு நிமிடம் நின்றுவிட்டு மறுபடி நடந்தால், "அப்பால ராயபுரம் வரைக்கும் நடப்பேன் மேடம், ஒன்னும் ஆவாது. அதான் எவனும் நம்ப மாட்றான். மொதல்ல நடிக்கிறேன்றான்."

இந்த நடையில்தான் நோயே இருக்கிறது. தசைக்குள் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பு உண்டு. நடக்கத் தொடங்கிய முதல் சில நிமிடங்களுக்கு அதை உடைத்துத்தான் தசை வேலை செய்யும். உடைக்கிற என்சைம் பிறவியிலேயே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், வீட்டு சம்ப்பில் தண்ணீர் தளும்புகிறது, மோட்டார் மட்டும் இல்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பத்து நிமிடம் பொறுத்தால் தெருவுக்கு லாரி வந்துவிடும். அதாவது ஈரலிலிருந்து சர்க்கரையும், கொழுப்பிலிருந்து எரிபொருளும் ரத்தத்தில் வந்து சேரும். அப்புறம் நடை லேசாகிவிடும். லாரி வருவதற்குள் பிடிவாதமாக ஓடினால் தசை உடையும். இதை 1951-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் பிரையன் மெக்கார்டில் என்ற டாக்டர் 30 வயது நோயாளி ஒருவரிடம் கண்டு எழுதினார். எந்த என்சைம் இல்லை என்பது 1959-ல் தெரிந்தது. மெக்கார்டில் நோய் என்றே பெயர்.

ஒரு நிமிடம் கையை இறுக்கி இறுக்கிப் பிடிக்கச் சொல்லி ரத்தத்தில் லாக்டேட்டும் (கிளைக்கோஜன் உடையும்போது வருவது) அமோனியாவும் பார்க்கிற ஒரு எளிய சோதனை உண்டு. இந்த நோய் உள்ளவர்களுக்கு அமோனியா ஏறும், லாக்டேட் ஏறாது. அவனுக்கும் அப்படியே. மரபணு சோதனை அதை உறுதி செய்தது.

லட்சம் பேரில் ஒருவருக்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆனால் அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று என இரண்டு பழுதான மரபணுவும் சேர்ந்தால்தான் இது வரும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் நம் குடும்பங்களில் அப்படிச் சேர்வது சுலபம். இவன் அம்மா கட்டியது சொந்தத் தாய்மாமனை.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு வாழ்வதற்கும் தெரியாமல் வாழ்வதற்கும் நிறைய வித்தியாசம். முதல் பத்து நிமிடம் மெதுவாக, இழுத்துப் பிடித்தால் உடனே நின்று, விட்டதும் தொடர வேண்டும். இப்படித் தினமும் நடப்பவர்களுக்குத் தாங்கும் சக்தி கூடுகிறது. பயந்து படுத்தே கிடப்பவர்களுக்குக் குறைகிறது. தம் பிடித்துத் தூக்குவது ஆகாது: கேஸ் சிலிண்டர், நிறைகுடம், மக்கர் பண்ணும் ஆட்டோவைத் தள்ளுவது. கடினமான வேலைக்கு ஐந்து நிமிடம் முன்னால் 37 கிராம் சர்க்கரை கரைத்துக் குடித்தால் தொடக்கம் எளிதாகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஏழெட்டு ஸ்பூன். தினம் மூன்று வேளை அப்படிக் குடித்தால் உடம்பு போடும், ஆகவே எப்போதாவதுதான். கொழுப்பு மாத்திரை எழுதும் டாக்டரிடமும், ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுப்பது சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி.

எல்லா அசதியும் இது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நிமிடங்களில் ஒன்றும் இல்லாமல், நீண்ட உழைப்புக்குப் பிறகோ காய்ச்சலிலோ பட்டினியிலோ தசை உடைந்தால் அது கொழுப்பை எரிப்பதில் உள்ள கோளாறாக இருக்கலாம். சாயங்காலம் ஆக ஆக இமை தொங்கினால், இரண்டிரண்டாகத் தெரிந்தால், நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போகாத மயஸ்தீனியா. இன்னொரு கூட்டம், இந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் என்று தேதியே சொல்பவர்கள். கொஞ்சம் வேலை செய்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுவார்கள். நாட்பட்ட சோர்வு நோய் அது. அவர்களை "கொஞ்சம் கொஞ்சமா கூட்டு, சரியாயிடும்" என்று விரட்டக்கூடாது. பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2021-ல் அந்தப் படிப்படியான உடற்பயிற்சி முறையைக் கைவிட்டது. சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற நோய் மட்டும் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அவனுக்குக் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி. கூடப்பிறந்தவர்களுக்கு இது இருக்க நாலில் ஒரு வாய்ப்பு என்பதால் அழைத்துவரச் சொன்னேன். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, ஒரு பெண்குழந்தை. "அசதியா? அதெல்லாம் எனக்கு ஒன்னும் இல்ல மேடம். தம்பிக்குத்தான்." சரி, தண்ணீர் யார் தூக்குவது? "நான்தான்." எப்படி? "அரைக் குடம்தான் எடுப்பேன். ஒரு மாடி ஏறி எறக்கி வெச்சிட்டு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஏதாவது பேசுவேன். அப்புறம் ஏறினா தெரியாது. மாமியார் கேப்பாங்க, ஒரு குடத்துக்கு எத்தினி கதைன்னு."

அவளுடைய சி.பி.கே. 2,100.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவள் அழவில்லை. "இதுக்குப் பேரு கீதா?" என்றாள். சொன்னேன். ப்ரிஸ்கிரிப்ஷன் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"தமிழ்ல எழுதிக் குடுங்க மேடம். மாமியார் தமிழ் படிப்பாங்க."