‘நாய்ஸ் கேன்சலிங் மைக்’: ஒரு சொல் விளக்கம்

பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் நின்றபடி கைப்பேசியில் குரல்வழித் தட்டச்சு செய்ய விரும்புகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது ‘நாய்ஸ் கேன்சலிங் மைக்’ இருக்கிறதா என்பதைத்தான். ஆனால் ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்று அச்சிட்டு விற்கப்படும் கருவிகள் பலவற்றில் அந்த வசதி கேட்பவரின் காதுக்காகச் செய்யப்பட்டதே தவிர, பேசுகிறவரின் குரலுக்காகச் செய்யப்பட்டதன்று. வேறுபட்ட நுட்பங்கள் ஒரே பெயரில் வழங்குவதால் வந்த குழப்பம் இது. ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

‘மைக்ரோபோன்’ என்பது சிறியது, ஒலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. 1827இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் இப்பெயரைச் சூட்டியது, மெல்லிய ஒலிகளைக் காதுக்குக் கொண்டுசேர்க்கும், மின்சாரமே இல்லாத ஒரு கருவிக்கு. 1878இல் கண்டுபிடிப்பாளர் டேவிட் எட்வர்ட் ஹியூஸ் தமது கரிம (கார்பன்) மின்கருவியை இதே பெயரால் அறிவித்த பிறகே அது மின்கருவியின் பெயராக நிலைபெற்றது. தமிழில் ‘ஒலிவாங்கி’ என்பதே பொருத்தமான சொல். இலங்கைத் தமிழில் அது இயல்பாகவே புழங்குகிறது. தமிழ்நாட்டில் ‘மைக் செட்’ என்பது கூம்பு ஸ்பீக்கர் உட்பட முழுத் தொகுதியையும் குறிப்பதால் சிலர் மைக்கையும் ‘ஒலிபெருக்கி’ என எழுதிவிடுகிறார்கள். ஒலியை உள்ளே வாங்குவது ஒன்று, பெருக்கி வெளியே தருவது வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது பிழை.

‘கேன்சல்’ என்பதன் மூலம், பின்னல் தட்டி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். எழுதியதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுத்து அதைச் செல்லாததாக்கும் வழக்கத்திலிருந்து ‘அடித்தல், நீக்குதல்’ என்ற பொருள் வந்தது. பின்னர், எதிரெதிரான இரண்டு அளவுகள் ஒன்றையொன்று இல்லாமலாக்குவதையும் அது குறித்தது. ஒலியியலில் வழங்குவது இந்தக் கடைசிப் பொருளே.

‘நாய்ஸ்’ என்பதற்கு நாம் ‘இரைச்சல்’ என்கிறோம். ‘இரை’ என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல் கடலுக்கும் மழைக்கும் இயந்திரத்துக்கும் உரியது. விடாமல் தொடரும், பொருளற்ற ஒலியை அது உணர்த்துகிறது. ஆட்கள் கூடிய இடத்தின் ஒலி சந்தடி. உரக்கக் கத்துவது கூச்சல். ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் அடக்குவதைத் தமிழ் இவ்வாறு பிரித்து வைத்திருப்பது இங்கே மிகவும் உதவுகிறது. ஏனெனில், எதிர் அலை கொண்டு ஒலியை அழிக்கும் நுட்பம் விமான இயந்திரம் போன்றவற்றின் தாழ்ந்த, சீரான இரைச்சலில்தான் நன்றாக வேலை செய்கிறது. குரல்வழித் தட்டச்சுக்குப் பெரும் இடையூறு செய்வதோ, பக்கத்தில் நிற்பவரின் பேச்சு: மென்பொருள் அதையும் சொற்களாகவே எடுத்துக்கொண்டு நம் வாக்கியத்தின் நடுவே தட்டச்சு செய்துவிடும்.

எதிர் அலை நுட்பத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1934இல் அமெரிக்காவில் காப்புரிமை கோரி, 1936இல் பெற்றார். அமெரிக்க ஒலிக்கருவி நிறுவனமான போஸ் 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹெட்போனில் உள்ள சிறு ஒலிவாங்கிகள் வெளி இரைச்சலை உணர, அதற்கு நேரெதிரான அலை காதருகே எழுப்பப்படுகிறது. இதனால் நம் காதில் அமைதி நிலவும். நம் வாயருகே உள்ள ஒலிவாங்கிக்குச் செல்லும் இரைச்சல் அப்படியே இருக்கும். பெட்டிகளில் ‘ஏஎன்சி’ (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) என்னும் எழுத்துகள் குறிப்பது இதையே.

பேசுகிறவருக்கு உதவும் ஒலிவாங்கியின் அமைப்பு வேறு. ஒலி பட்டால் அதிரும் அதன் மெல்லிய சவ்வுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒலி நுழையும் வழி உண்டு. தொலைவிலிருந்து வரும் ஒலி, குறிப்பாகத் தாழ்ந்த ஒலி, இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வலிமையுடன் அழுத்துவதால் சவ்வு பெரிதாக அசைவதில்லை. ஒட்டியிருக்கும் வாயிலிருந்து வரும் குரல் முன்பக்கத்தில் மிகுந்த வலிமையுடன் படுவதால் பதிவாகிறது. ‘கேன்சல்’ என்ற சொல்லுக்கு இங்கே மின்னணுச் சுற்று எதுவும் தேவைப்படவில்லை. பிபிசி 1930களில் உருவாக்கிய ‘லிப் மைக்’ இதற்குச் சிறந்த சான்று. மேலுதட்டில் அணைத்துப் பிடிக்க ஒரு சட்டம் வைத்த அந்தக் கருவியைக் கொண்டுதான், பின்னாளில் கால்பந்து வர்ணனையாளர்கள் மைதானத்தின் ஆரவாரத்துக்கு நடுவே பேசினார்கள். சட்டம் இருப்பதன் காரணம் தூரம் மாறாமல் காப்பதே. வாயை விட்டு விலகினால் இந்த வகை ஒலிவாங்கி நம் குரலையும் தொலைவு ஒலியாகக் கருதிக் குறைத்துவிடும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் நான் முதலிடம் தருவது தூரத்துக்குத்தான். திறந்த வெளியில், வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையேயான தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் குரல் 6 டெசிபெல் (ஒலியின் வலிமையை அளக்கும் அலகு) குறைகிறது. சுற்றுப்புற இரைச்சலோ குறைவதில்லை. சட்டையில் குத்தும் காலர் மைக் வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், கன்னத்தை ஒட்டி நீளும் தண்டுடைய ஹெட்செட்டில் அது 2.5 செ.மீ. தான். குரலின் அளவில் மட்டும் 18 டெசிபெல் வேறுபாடு வந்துவிடுகிறது. மேலும், காலர் மைக்குகளில் பெரும்பாலானவை எல்லாத் திசை ஒலியையும் வாங்குபவை. அமைதியான அறையில் நேர்காணல் எடுக்க அவை நல்லவை. சந்தையில் நின்று தட்டச்சு செய்ய நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். தண்டின் நுனி வாய்க்கு நேர் எதிரே இல்லாமல் உதட்டோரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் வல்லின எழுத்துகளின் காற்று சவ்வில் மோதி ஒலியைக் கெடுக்கும். பஞ்சு உறை கட்டாயம் வேண்டும்.

காதுக்குள் பொருத்தும் புளூடூத் கருவிகளில் ‘இஎன்சி’ (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்று இருப்பது மூன்றாவது பொருள்: இரண்டு அல்லது கூடுதலான ஒலிவாங்கிகள் தரும் ஒலியிலிருந்து மென்பொருள் குரலைப் பிரித்தெடுக்கிறது. தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவருக்கு இது நிச்சயம் உதவும். ஆனால் கடுமையாக வடிகட்டும்போது மெய்யொலிகளின் நுண்மையும் சேர்ந்து போய்விடலாம்; ன, ண, ந என்றும் ல, ள, ழ என்றும் நுட்பமாகப் பிரியும் தமிழுக்கு அது சிறிய இழப்பன்று. பழைய புளூடூத் கருவிகளில் குரல் நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்து பதியப்படுவதால், நொடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு (4,000 ஹெர்ட்ஸ்) மேற்பட்ட ஒலி போகவே போகாது. ‘ஸ’ போன்ற ஒலிகளின் வலிமை பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. கம்பி வழி இணைப்பில் இந்தக் குறை இல்லை.

ஆகவே தமிழில் மூன்றுக்கும் மூன்று சொற்களை வழங்கலாம் என்பது என் கருத்து. காதுக்கான நுட்பத்தை ‘இரைச்சல் நீக்கும் ஹெட்போன்’ என்றே சொல்லலாம். அங்கே உண்மையிலேயே எதிர் அலையால் நீக்கம் நிகழ்கிறது. மென்பொருள் செய்வது ‘இரைச்சல் வடிகட்டல்’. வாயருகே வைத்துப் பேசும் கருவிக்கு ‘அண்மை ஒலிவாங்கி’ என்ற பெயர் பொருந்தும்: அருகில் உள்ளதை வாங்கித் தொலைவில் உள்ளதை விடுவதே அதன் இயல்பு, எவ்வளவு நெருக்கமாக வைத்துப் பேச வேண்டும் என்பதையும் அந்தப் பெயரே பயனருக்குச் சொல்லிவிடும்.