ஆறு அறை, ஐந்து தோட்டா: கௌபாய் சுடுபோட்டியின் விதிகளுக்குப் பின்னால் இருக்கும் இயந்திரவியல்

தோட்டா ஏற்றும் மேசையில் குழல்வாய் இலக்குப் பக்கம் பார்த்திருக்க, போட்டியாளர் ரிவால்வரின் சுத்தியலைப் பாதி தூரம் இழுத்து நிறுத்துகிறார். சிலிண்டர் இப்போது தடையில்லாமல் சுழலும். வலப்பக்கம் உள்ள சிறு கதவைத் திறந்து ஒரு தோட்டாவைப் போடுகிறார். அடுத்த அறையைக் காலியாக விட்டுத் தாண்டுகிறார். அதற்கடுத்த நான்கு அறைகளிலும் வரிசையாகத் தோட்டா. கதவை மூடிவிட்டு, சுத்தியலை முழுவதுமாக இழுத்து, கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்குகிறார். பக்கத்தில் நிற்கும் மேசைப் பொறுப்பாளர் குனிந்து, சிலிண்டருக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பக்கவாட்டில் பார்க்கிறார். சுத்தியலுக்கு நேர் கீழே தோட்டாவின் விளிம்பு தெரியக் கூடாது. தெரியவில்லை என்றால்தான் தலையசைப்பார்.

"ஒன்று போடு, ஒன்றைத் தாண்டு, நாலு போடு" என்பது இந்த விளையாட்டுக்கு வரும் எவரும் முதல் நாளே மனப்பாடம் செய்யும் வாய்பாடு. அந்தக் காலிடம் ஏன் தவறாமல் சுத்தியலுக்குக் கீழே வந்து நிற்கிறது என்பதை விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். ஏற்றும் கதவு, சுத்தியலுக்கு நேரான மேலிடத்திலிருந்து ஓர் அறை தள்ளி இருக்கிறது. சிலிண்டர், பின்னாலிருந்து பார்த்தால், கடிகார முள் போகும் திசையில் சுழல்கிறது. ஆறாவது அறை கதவருகே நிற்கும்போது முதல் அறை மேலே வந்திருக்கும். சுத்தியலை முழுவதும் இழுத்தால் சிலிண்டர் இன்னும் ஓர் அறை நகரும். மேலே வருவது இரண்டாவது அறை, அதாவது தாண்டிவிட்ட காலி அறை. எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் சுத்தியல் உயிருள்ள தோட்டாவின் மேல் போய் உட்காரும். பொறுப்பாளர் குனிந்து பார்ப்பது அதற்காகத்தான்.

கௌபாய் சுடுபோட்டி 1980களின் தொடக்கத்தில் தெற்கு கலிபோர்னியாவில் பிறந்தது. 'எண்ட் ஆஃப் டிரெயில்' என்ற முதல் பெரும் போட்டி 1982இல் நடந்தது. இதற்கென எஸ்.ஏ.எஸ்.எஸ். (சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி) என்ற சங்கம் 1987இல் அமைந்தது. போட்டியாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கின் உடையில் வருவார்கள். புனைபெயரில்தான் பதிவு செய்வார்கள். ஆளுக்கு நான்கு துப்பாக்கிகள்: இரண்டு ஒற்றை இயக்க ரிவால்வர் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடுவது), ஒரு லீவர் ரைஃபிள், ஒரு பழைய பாணி ஷாட்கன். ஒரு ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், பெரும்பாலும் ரிவால்வர்களில் 10, ரைஃபிளில் 10, ஷாட்கனில் நான்கோ அதற்கு மேலோ சுட வேண்டும். ஆன நேரம்தான் மதிப்பெண். தவறிய ஒவ்வோர் இலக்குக்கும் 5 வினாடி கூடும். தவறா இல்லையா என்பதை மூன்று கண்காணிப்பாளர்கள் எண்ணுவார்கள், இருவர் ஒத்துச் சொன்னால்தான் அது தவறு.

உடையும் பெயரும் வேடிக்கையாக இருக்கலாம். துப்பாக்கிகள் அப்படியல்ல. இந்த வடிவமைப்புகளில் பலவற்றில் இன்று நாம் சாதாரணமாக எதிர்பார்க்கும் பாதுகாப்புப் பூட்டு எதுவுமே கிடையாது. அதனால் இயந்திரத்துக்குள் இல்லாத பூட்டை மனிதர்களின் நடைமுறைக்குள் வைத்திருக்கிறார்கள். விதிப்புத்தகத்தின் ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் 150 ஆண்டுப் பழமையான ஏதோ ஒரு பாகத்தின் குறைக்குப் பதில். அப்படிப் பார்த்தால்தான் விதிகள் புரியும். வெறுமனே மனப்பாடம் செய்தவர் அவசரத்தில் மறந்துவிடுவார்.

காலி அறையையே எடுத்துக்கொள்வோம். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் குத்தூசி சுத்தியலோடு சேர்ந்தே இருக்கிறது. சுத்தியல் இறங்கிய நிலையில் ஊசியின் முனை தோட்டாவின் பின்புறமுள்ள பிரைமரை, அதாவது அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, தொட்டுக்கொண்டிருக்கும். சுத்தியலைச் சற்றே தூக்கி நிறுத்த ஒரு சிறு பள்ளம் உண்டு. பாதுகாப்புப் பள்ளம் என்று பெயர்தான், அதில் மாட்டி நிற்கும் விசையின் (டிரிக்கரின்) முனை மிக மெல்லியது. சுமார் 1.1 கிலோ எடையுள்ள ரிவால்வர் இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து, சுத்தியல் தரையில் படும்படி விழுந்தால் கிட்டத்தட்ட 11 ஜூல் ஆற்றல் அந்த முனையில் இறங்கும். ஒரு பிரைமர் வெடிக்க ஒரு ஜூல்கூடத் தேவையில்லை. பள்ளம் உடைந்தால் தோட்டா வெடிக்கும், குழல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ரூகர் நிறுவனம் 1973இல் சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஓர் இடைத்தகட்டை வைத்தது. விசையை அழுத்தினால் மட்டுமே அந்தத் தகடு மேலேறி அடியைக் கடத்தும். அந்த ரிவால்வர் வைத்திருப்பவர்களும் ஐந்துதான் போட வேண்டும் என்கிறது விதி. சரியான முடிவுதான். யார் இடுப்பில் எந்த மாடல் தொங்குகிறது என்று மேசையில் நின்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது.

கீழே விழுந்த துப்பாக்கியைப் பற்றிய விதியும் இங்கிருந்துதான் வருகிறது. தோட்டா உள்ள துப்பாக்கி கையிலிருந்து விழுந்தால் அன்றைய போட்டி முழுவதிலிருந்தும் வெளியே. காலியான துப்பாக்கி விழுந்தால் அந்த ஸ்டேஜ் மட்டும் போகும். விழுந்ததைப் போட்டியாளர் குனிந்து எடுக்கவும் கூடாது. கள அதிகாரிதான் எடுத்து, சோதித்து, கையில் தருவார். நழுவும் பொருளைப் பாய்ந்து பிடிப்பது நம் எல்லோருக்கும் அனிச்சைச் செயல். அப்படிப் பாயும் விரல்கள் முதலில் போய் மாட்டுவது விசையில்தான்.

அடுத்தது 170 பாகை விதி. சுடுமிடத்தில் நின்று நேர் முன்னே ஒரு கோடு இழுத்தால், இடப்பக்கம் 85 பாகை, வலப்பக்கம் 85 பாகை. அந்த விசிறிக்குள்தான் குழல்வாய் எப்போதும் இருக்க வேண்டும். 180 என்று வைத்திருந்தால் எல்லைக்கோடு, பக்கத்தில் நிற்பவரின் மேலேயே போகும். அந்த 5 பாகைதான் விளிம்பு. இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் குறுக்குறை கட்டுபவர்கள். இடது இடுப்பில், பிடி வலப்பக்கம் பார்க்கும்படி செருகிய ரிவால்வரை வலது கையால் உருவும்போது குழல்வாய் இடப்பக்கத்தையெல்லாம் துடைத்துக்கொண்டுதான் முன்னே வரும். ஆகவே உருவுவதற்கு முன் வலது காலைப் பின்னே வைத்து, இடது இடுப்பு இலக்கைப் பார்க்கும்படி உடலைத் திருப்ப வேண்டும். இப்போது 'இடப்பக்கம்' என்பதே இலக்கின் திசை ஆகிவிடுகிறது. திரும்ப உறையில் வைக்கும்போதும் அதே திருப்பம் வேண்டும். உருவும்போது ஒழுங்காகத் திரும்பிவிட்டு, வைக்கும்போது அவசரத்தில் மறப்பதுதான் வழக்கமான பிழை. நேராகத் தொங்கும் உறைகூட செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்பதும் இதே கணக்குதான்.

சுத்தியல் இழுத்த நிலையில், அடியில் தோட்டாவோடு, இடம் மாறக் கூடாது. இதற்குக் கூடைப்பந்து விதியையே உதாரணமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஒரு கால் ஊன்றிய இடத்திலேயே இருக்க வேண்டும். கால் இடறினால் கைவிரல்கள் தாமாக இறுகும், ஒற்றை இயக்க ரிவால்வரின் விசையோ மிக லேசானது.

ரைஃபிளில் சிக்கல் வேறு. தோட்டாக்கள் குழலுக்கடியில் உள்ள நீண்ட குழாயில், ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரைத் தொட்டபடி வரிசையாகக் கிடக்கும். கூர்மூக்குத் தோட்டா போட்டால், சுடும் அதிர்ச்சியில் அந்தக் கூர்மையே குத்தூசியாகிவிடலாம். அதனால் தட்டை மூக்கு. பிரைமரும் தோட்டாவின் உலோக ஓட்டின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் லீவரை வேகமாக மூடும்போதே, பூட்டு முழுதாகச் சேரும் முன், வெடித்துவிடலாம். அப்போது வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். ஷாட்கனில் 1897 வின்செஸ்டர் மாடல் தனிக் கவனம் கேட்கும். அதில் விசையைத் துண்டிக்கும் அமைப்பு இல்லை. விசையை அழுத்தியபடியே பம்பை (குழலுக்கடியில் உள்ள நகரும் கைப்பிடியை) முன்னே தள்ளினால், மூடிய கணமே வெடிக்கும். ஷாட்கனைக் காலியாக, திறந்த நிலையில் மேசையில் வைத்துவிட்டு, நேரம் ஓடும்போதுதான் தோட்டா போட வேண்டும் என்ற வழக்கத்தின் அருமை இந்த மாடலைக் கையாளும்போது தெரியும்.

இனி எஃகுத் தகடுகள். ரிவால்வர் இலக்குகள் பொதுவாக 7 முதல் 10 கஜ தூரத்தில்தான் நிற்கும். ஒரு பெரிய கூடத்தின் நீளம்தான். அவ்வளவு அருகில் எஃகைச் சுட்டும் ஆட்கள் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் ஈயம். 8 கிராம் ஈயக்குண்டு வினாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் மோதினால் ஏறக்குறைய 210 ஜூல். அத்தனையும் வெப்பமாகி ஈயத்திலேயே தங்கினால் அதன் வெப்பநிலை சுமார் 200 பாகை ஏறும். ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில். ஆக, முழுதாக உருகாது, ஆனால் களிமண் போல இளகிச் சப்பையாகி, தகட்டின் பரப்பை ஒட்டியே தட்டு வடிவில் எல்லாப் பக்கமும் சிதறும். நேராகத் திரும்பி வராது. தகட்டின் மேல்விளிம்பைச் சுடுபவர் பக்கம் சற்றுச் சாய்த்து மாட்டினால், சிதறலின் பெரும்பகுதி தரைக்குப் போய்விடும்.

தாமிர உறை போட்ட குண்டுகளுக்குத் தடை இருப்பது இதனால்தான். உறை இளகாது, கிழிந்து கூரிய துண்டாகத் திரும்பும். ஷாட்கனில் எஃகு ரவைக்கும் தடை. அது பந்து போலவே துள்ளித் திரும்பும். ரிவால்வர் குண்டின் வேகம் வினாடிக்கு 1,000 அடிக்கும் (305 மீட்டர்), ரைஃபிள் குண்டின் வேகம் 1,400 அடிக்கும் (427 மீட்டர்) மேல் போகக் கூடாது. வேகம் கூடினால் தகட்டில் குழி விழும். குழிதான் உண்மையான எதிரி. தட்டையான பரப்பு ஈயத்தைப் பக்கவாட்டில் அனுப்பும், கிண்ணம் போலக் குழிந்த பரப்போ அதைத் திரட்டி வந்த வழியே திருப்பும். ஆகவே தகடு மாட்டும் தொண்டர், போட்டிக்கு முன் ஒவ்வொரு தகட்டையும் விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். குழி தட்டுப்பட்டால் அந்தத் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி அணியாத பார்வையாளரைச் சுடுமிடத்தருகே விடாததற்கும் இதுவே காரணம்.

ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் இன்னொரு ஆபத்து வந்து நிற்கிறது. அதிர்ச்சி குறைவாக இருந்தால் வேகமாகச் சுடலாம் என்று தோட்டாவில் வெடிமருந்தைக் குறைப்பவர்கள் உண்டு. அதற்குத்தான் கீழ் எல்லை. குண்டின் எடையை கிரெய்ன் என்ற சிறு எடை அளவிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் 60க்குக் குறையக் கூடாது, வேகம் 400 அடிக்குக் கீழே போகவும் கூடாது. மருந்து மிகக் குறைந்தாலோ இல்லாமலே போனாலோ, பிரைமரின் உந்துதல் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும். சத்தம் நமுத்த பட்டாசு போல 'புஸ்' என்று கேட்கும். அடுத்த குண்டு அதன் முதுகில் போய் மோதினால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். டைமர் பிடித்திருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இந்தச் சத்தத்துக்காகவே. அவர் நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும், ரிவால்வரை இலக்குப் பக்கம் பார்க்க வைத்துவிட வேண்டும். வாதம் பிறகு.

இதே பழைய ஓட்டில் எதிர்த்திசைப் பிழையும் ஒளிந்திருக்கிறது. .45 கோல்ட் ஓடு சுமார் 40 கிரெய்ன் கரிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. புகையில்லா மருந்தில் மென்மையான சுமைக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். ஓட்டின் அடியில் சிறிதாகக் கிடக்கும் அந்த மருந்தைத் தவறிப்போய் இரண்டு முறை ஊற்றிவிட்டாலும் ஓடு வழியாது, எதுவும் காட்டிக்கொடுக்காது. எனவே வீட்டில் தோட்டா தயாரிப்பவர்கள் குண்டை வைக்கும் முன் எல்லா ஓடுகளையும் தட்டில் நிறுத்தி, விளக்கடித்து, மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இடத்தை அடைத்துக்கொள்ளும் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இரட்டைச் சுமை வெளியே வழிந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

சங்கத்தின் விதிப்புத்தகம் தரைமட்டம் மட்டுமே. உள்ளூர்க் கிளப் அதற்கு மேல் கட்டிக்கொள்ளலாம். எங்கே கட்டுகிறார்கள் என்பது பெரும்பாலும் நிலத்தைப் பொறுத்தது. பின்னாலுள்ள மண்மேடு உயரம் குறைவு என்றால், உயரமான இலக்கு எதுவும் வைக்கக் கூடாது என்று ஒரு விதி வரும். காய்ந்த புல் சூழ்ந்த திடலில் கோடையில் கரிமருந்துக்குத் தடை வரும், அதன் பொறி தரையில் விழுந்து நெடுநேரம் கனலும். ஒரு தகட்டடியில் கல் கிடந்தால் அந்தக் கல்லைப் பொறுக்கும் வரை அந்த ஸ்டேஜ் நிற்கும். மைதானம் முழுவதும் 'குளிர்ந்த களம்' என்பது எங்கும் ஒன்றுதான்: சுடும் வரிசைக்கு வெளியே தோட்டா உள்ள துப்பாக்கி ஒன்றுகூட இருக்காது. நீளத் துப்பாக்கிகளைத் திறந்த நிலையில், குழல்வாய் வானம் பார்க்க, வண்டியில் வைத்துத்தான் நகர்த்துவார்கள். மதுவை அன்றைய கடைசி ஸ்டேஜ் முடிந்து, துப்பாக்கிகளைப் பூட்டி வைத்த பிறகே தொடலாம். சில கிளப்புகள் புதியவர்களுக்குக் குறுக்குறையையே அனுமதிப்பதில்லை. கடுமையாகத் தெரியலாம், ஆனால் அந்த உடல் திருப்பம் பழகச் சில மாதங்கள் பிடிக்கும் என்பது கண்கூடு.

தண்டனைக் கணக்கும் யோசித்துச் செய்தது. ரைஃபிளின் அறையில் ஒரு வெற்று ஓட்டை விட்டுவிட்டு அடுத்த துப்பாக்கிக்குப் போனால் 10 வினாடி. தேர்ந்தவர் ஒரு ஸ்டேஜையே 20, 25 வினாடியில் முடிப்பார் என்பதால் அந்த 10 வினாடி கிட்டத்தட்ட பாதி ஸ்டேஜுக்குச் சமம். அவசரப்பட்டு மிச்சம் பிடிக்கும் அரை வினாடியைப் போல் இருபது மடங்கு இழப்பு. சுட்ட குண்டு சுடுபவரிலிருந்து 5 முதல் 10 அடிக்குள் தரையில் பட்டால் ஸ்டேஜ் போகும், 5 அடிக்குள் பட்டால் போட்டியே போகும். ஒரே போட்டியில் இரண்டு ஸ்டேஜ் இழப்பு என்றாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சுட்டு முடித்தவர் நேராகக் காலி செய்யும் மேசைக்கு வருகிறார். ரைஃபிளின் லீவரைத் திறந்து அறையையும், குழாயின் உள்ளே உந்தியையும் காட்டுகிறார். ஷாட்கனை மடித்து இரு குழல் வழியாகவும் வெளிச்சம் காட்டுகிறார். ரிவால்வரின் கதவைத் திறந்து, ஐந்து வெற்று ஓடுகளைத் தள்ளி எடுத்துவிட்டு, சிலிண்டரை ஒவ்வொரு சொடுக்காகச் சுழற்றுகிறார். பொறுப்பாளர் வாய்விட்டு எண்ணுகிறார். எண்ணிக்கை ஆறு வரை போக வேண்டும், முதலிலிருந்தே காலியாக இருந்த அந்த அறையையும் சேர்த்து.