ஸ்லட்ஜ் என்றால் கழிவுநீர் இல்லை, கசடு

இங்கிலாந்தில் ‘ட்ரீட்டட் சூவேஜ் வேஸ்ட்’ கையாளச் சுற்றுச்சூழல் பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், கை தானாகச் ‘சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்’ என்று எழுதிவிடும். அங்கேயே பிசகிவிடுகிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர் ஒரு பக்கம் ஆற்றுக்குப் போகிறது, அதற்கு வேறு வகை அனுமதி. நாம் பேசுவது தொட்டியின் அடியில் தங்குகிற கூழைப் பற்றி. அதுதான் ஸ்லட்ஜ். கூழ் என்று சொன்னாலும் பிழிவதற்கு முன் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும், அதனால்தான் இந்தக் குழப்பமே.

சூவேஜ் என்பதன் வேர் சூவர், அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘அக்வா’ என்றால் நீர். வெளியேற்றும் வாய்க்கால், அவ்வளவுதான், அழுக்கு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்லட்ஜ் வெறும் சேற்றைக் குறித்த சொல்.

தமிழில் இதற்குச் சரியான சொல் கசடு. சேறு என்றால் மண், வண்டல் என்றால் ஆறு கொண்டுவந்து படியவிடுவது, மண்டி கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் அது எண்ணெய்க்கும் காப்பிக்கும் பழகிப்போன சொல். ‘கற்க கசடறக் கற்பவை’ என்று குறள் சொல்லும்போது கசடு குற்றத்தைக் குறிக்கிறது. அழுக்கு, அடியில் தங்கும் மண்டி என்ற பொருள்களும் அதே சொல்லுக்கு உண்டு. நெய் உருக்கினால் அடியில் நிற்கிற கசண்டும் இதன் உறவுதான். கழிப்பறைத் தொட்டியில் எடுப்பதை ‘மலக்கசடு’ என்று அரசு ஆவணங்களே எழுதுகின்றன, ஆகவே ‘கழிவுநீர்க் கசடு’ என்றால் யாரும் முழிக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த ‘ட்ரீட்டட்’. ஆங்கிலத்தில் நீருக்கும் கசடுக்கும் ஒரே வினை, தமிழில் அப்படி வைத்தால் பொய்யாகிவிடும். நீரைச் சுத்திகரிக்கிறோம். கசடைக் காற்றில்லாத தொட்டியில் சுமார் 35 பாகை செல்சியஸ் சூட்டில் நாள் கணக்கில் செரிக்கவிட்டோ, சுண்ணாம்பு சேர்த்தோ கிருமியைக் குறைக்கிறோம், ஆனால் துத்தநாகம், காட்மியம், ஈயம் எல்லாம் அதிலேயே இருக்கும், சுத்தமாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? தோலைப் பதனிடுகிற மாதிரிதான். ‘பதப்படுத்திய கசடு’ என்பதே என் தேர்வு. பதப்படுத்தியதே தவிரச் சுத்தமானதல்ல என்பதால்தான் இங்கிலாந்தில் 1989இல் வந்த விவசாயக் கசடு விதிகள், அதை மேய்ச்சல் நிலத்தில் போட்டால் மூன்று வாரம் கால்நடையை விடாதே, பச்சையாகத் தின்கிற காய்கறி நிலத்தில் போட்டால் பத்து மாதம் பொறு என்கின்றன.

‘பயோசாலிட்ஸ்’ என்றொரு பெயரும் கண்ணில் படும். அமெரிக்காவின் நீர்ச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு 1991இல் முன்வைத்தது, ஸ்லட்ஜ் என்றால் மக்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்பதால் தேடிப்பிடித்த நல்ல பெயர். உயிர்த்திண்மம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது, விற்பனைப் பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? விண்ணப்பத்தில் கேட்கிற ஐரோப்பியக் கழிவுக் குறியீடு 19 08 05 என்பதில்கூட நகரக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் வரும் கசடு என்றுதான் இருக்கிறது, பயோசாலிட்ஸ் என்று இல்லை.

மிச்சம் பெர்மிட். லத்தீனில் ‘ஊடே போகவிடு’ என்று பொருள். ‘சுற்றுச்சூழல் அனுமதி’ என்று எழுதலாம்தான், ஆனால் இந்தியாவில் அந்தத் தொடர் பெரிய திட்டங்களைத் தொடங்குமுன் வாங்குகிற கிளியரன்ஸுக்குப் போய்விட்டது. உரிமம் என்றால் உரிமை கைக்கு வந்துவிட்ட தொனி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கன்சென்ட்டுக்கு எழுதுகிற ‘இசைவாணை’ இங்கே நன்றாக உட்காருகிறது, ஏனென்றால் இதுவும் நிபந்தனைகளோடு வருகிற இசைவு, நிபந்தனையை மீறினால் பறிபோகும். ஆக முழுத் தொடர்: பதப்படுத்திய கழிவுநீர்க் கசடைக் கையாளச் சுற்றுச்சூழல் இசைவாணை கோரும் விண்ணப்பம். நீளம்தான், ஆனால் தண்ணீரைப் பற்றியது என்று இனி யாரும் நினைக்க மாட்டார்கள்.