பேச்சிப்பாறை எத்தனை அடி கிடக்கிறது?

கன்னிப்பூ (முதல் போக நெல்) நடவுக்கு ஆள் பேசத் தொடங்கும் நாட்களில் குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டி பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும். "அண்ணாச்சி, பேச்சிப்பாறை எத்தன அடி கெடக்கு?" பேப்பர் வைத்திருப்பவர் நிமிராமலே "இருபத்தி நாலு" என்பார். "மொத்தம் நாப்பத்தெட்டு. பாதி கெடக்குல்லா, போதும்."

போதாது. அந்தப் 'பாதி', பாதியே அல்ல. அணை நீர்மட்டத்தை அடியில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வயலுக்குப் போவது அடி அல்ல, தண்ணீர். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டால், தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டைகளில் பாதி ஏன் நடக்கின்றன என்பதும் பிடிபடும்.

எண்ணெய் ஊற்றும் புனல் ஒன்றை எடுத்து, அதன் கீழ்த் துளையை அடைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் ஓர் அங்குலம் நிரம்ப ஒரு கரண்டி போதும். மேலே ஓர் அங்குலம் நிரம்ப ஒரு டம்ளருக்கு மேல் வேண்டும். மலைப் பள்ளத்தாக்கை மறித்துக் கட்டிய அணையும் ஏறக்குறைய இப்படித்தான்: அடியில் ஆற்றின் அகலம், மேலே போகப்போகக் காட்டுச் சரிவுகள் வரை விரியும் நீர்ப்பரப்பு. சரியான கூம்பாக இருந்தால் கணக்கு சுலபம். உயரம் பாதியானால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். உண்மையான அணை கூம்பு இல்லை, அதனால் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் 24 அடியில் பாதித் தண்ணீர் இருக்காது என்பது உறுதி. அதிலும் மதகு வாய்க்குக் கீழே கிடக்கும் தண்ணீர் கணக்கில் இருக்கும், கைக்கு வராது.

போதாக்குறைக்கு இன்னொன்று. மதகைத் திறக்கும்போது தண்ணீரைத் தள்ளுவது அதன் மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தம். அது அணை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததல்ல, ஆழத்தை மட்டுமே பொறுத்தது. ஆழம் பாதியானால் அதே ஷட்டர், அதே திறப்பு, வெளியேறும் தண்ணீர் மட்டும் பத்திலிருந்து ஏழாகக் குறையும். வர்க்கமூலக் கணக்கு இது. எனவே அணை குறையும்போது இருப்பும் குறைகிறது, வயலுக்கு வரும் தண்ணீரும் மெலிகிறது. கடைமடைக்காரர் "மேலே அடைச்சிட்டான்" என்று திட்டும்போது, சில நாள் யாரும் அடைத்திருக்க மாட்டார்கள்.

சரி, கொஞ்சம் எண்கள். பேச்சிப்பாறை நிரம்பினால் சுமார் 4,350 மில்லியன் கன அடி, அதாவது 4.35 டி.எம்.சி. மேட்டூர் 93.47 டி.எம்.சி. நம்முடையது அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. வினாடிக்கு 500 கன அடி திறந்தால் ஒரு நாளில் 43 மில்லியன் கன அடி போய்விடும். புதிதாக மழையே வராவிட்டால் நிரம்பிய அணை நூறு நாளில் காலி. நல்லவேளை, குமரிக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் வைத்துக்கொள்ள முடிவது அதனால்தான்.

ஆனால் இந்த ஊரின் உண்மையான விந்தை அணையின் அளவில் இல்லை, தண்ணீர் போகும் வழியில் இருக்கிறது. வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். கோதையாறும் பரளியாறும் மலையிலிருந்து இறங்கி ஒன்றாகி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டினத்தில் கடலில் சேர்கின்றன. மேற்கு நோக்கிப் போகும் ஆறு. நெல் விளையும் நாஞ்சில் நாடோ கிழக்கே, பழையாற்றுப் படுகையில். அது மணக்குடியில் கடலில் சேரும் வேறொரு ஆறு. நடுவே மேடு. தண்ணீருக்கு மேடேறத் தெரியாது, அப்புறம் எப்படி?

பதில் பாண்டியன் கால் என்ற கால்வாய். பரளியாற்றுத் தண்ணீர் இன்னும் உயரத்தில் ஓடும் இடத்திலேயே அதை மறித்து, மேட்டை வெட்டி, பழையாற்றுப் பக்கம் திருப்பிவிட்ட பழைய வேலை. மோட்டார் கிடையாது, சரிவு மட்டும். 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை இந்தப் பழைய ஏற்பாட்டின் தலையில் வைத்த பானை போன்றது. திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில் அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கோதையாற்றுத் தண்ணீரை இடதுகரைக் கால்வாய் பரளியாற்றிலுள்ள புத்தன் அணைக்குக் கொண்டு வருகிறது. பின்னால் 1950-களில் பரளியாற்றின் குறுக்கே பெருஞ்சாணி வந்தது. பாண்டியன் காலிலிருந்து தோவாளை சானலும் அனந்தனாறு சானலும் பிரிந்து கிழக்கே போகின்றன.

சானல் வெட்டுகிறவனுக்குச் சரிவுதான் காசு. மைலுக்கு ஓரிரு அடிக்கு மேல் இறக்கினால் தண்ணீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும். அதோடு, இறங்கிய உயரத்தை மறுபடி வாங்க முடியாது. குறைவாக இறக்கினால் வண்டல் படியும். எனவே சானல் குன்றின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, உயரத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழித்துக்கொண்டு போகும். பள்ளத்தாக்கு குறுக்கே வந்தால் இறங்கி ஏற முடியாது, தாண்டத்தான் வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலம் அதற்காகத்தான்: 1966-ல் கட்டியது, 28 தூண்கள், நூறடிக்கு மேல் உயரம், மேலே தொட்டியில் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர், கீழே பரளியாறு. ஒரு தண்ணீர் இன்னொரு தண்ணீரைத் தாண்டிப் போவதைச் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கிறார்கள். அந்த உயரம் அழகுக்காக அல்ல, அக்கரை வயலின் மட்டத்துக்காக என்று அங்கே ஒரு போர்டு வைத்தால் நன்றாக இருக்கும்.

உயரத்தை இப்படிச் சேமித்து வைத்த வரம்தான் வம்பையும் கொண்டு வருகிறது. தோவாளை சானலை அவ்வளவு தூரம் உயரத்தில் கொண்டு போனதால்தான், நிலப்பாறையில் அதிலிருந்து ராதாபுரம் கால்வாயைப் பிரித்துப் பக்கத்து நெல்லை மாவட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடிகிறது. 52 குளங்கள், சுமார் 17,000 ஏக்கர், வினாடிக்கு 150 கன அடி. அங்கே தென்மேற்கு மழை மலைக்கு மறுபுறமே கொட்டிவிட்டுப் போய்விடும், அவர்களுக்கு இது உயிர்த்தண்ணீர். தோவாளைக் கடைமடைக்காரருக்கோ தன் வயல் காயும்போது கண்ணெதிரே போகும் தண்ணீர். இரண்டு பேர் சொல்வதும் சரி.

மேற்கு எல்லையில் இதே குமரி கேட்கிற இடத்தில் நிற்கிறது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கருக்காகத் திட்டமிட்டது. இரு கரையும் ஒரே ஆட்சியில் இருந்தபோது தொடங்கிய திட்டம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, அணை கேரளத்தில் நின்றது. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு முழுக்கத் தன் மாநிலத்து ஆறு என்பது அவர்கள் வாதம். பழைய திட்டத்தின் பாசனப் பகுதிக்கு உரிமை உண்டு என்பது தமிழ்நாட்டின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எல்லைக்கோடு போட்டவர்கள் மொழி பார்த்துப் போட்டார்கள், சானல் சரிவு பார்த்துப் போகிறது. நிலப்பாறையில் நாம் சொல்லும் நியாயத்தை நெய்யாற்றில் திருப்பிச் சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கு இருக்கிறது.

இதற்கு நடுவில் வெள்ளம். பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டினால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும், மறுகால் (உபரி நீர்) ஷட்டர்களைத் திறப்பார்கள். "அணை நிறையவே இல்லை, அதுக்குள்ள கடலுக்கு விடுறான்" என்று உடனே கோபம் வரும். புனலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் அந்த ஆறடிதான் மிக அகலமான ஆறடி. கூம்புக் கணக்கில் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. மலையில் ஒரே இரவில் கொட்டும் மழையைப் பிடித்து வைக்க அந்த இடம் காலியாக இருந்தாக வேண்டும். அதே இடம்தான் கும்பப்பூவுக்கான சேமிப்பும். ஒரே அறையை இருவருக்கு வாடகைக்கு விட்ட கதை.

கடைசியாக, 150 கன அடி என்றால் அதை யார் அளக்கிறார்கள்? நீங்களே அளக்கலாம். பத்தடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள ஒரு சானலை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் முப்பது அடியை அளந்து குச்சி நட்டு, பூவரச இலை ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். பத்து வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு மூன்றடி. பத்து, ஐந்து, மூன்றைப் பெருக்கினால் 150. ஆனால் ஒன்று, மேற்பரப்பில்தான் தண்ணீர் வேகம், அடியிலும் ஓரத்திலும் கரை உரசி மெதுவாகும். அதனால் 0.85-ஆல் பெருக்க வேண்டும், 127 தான் வரும். இது தலைமடைக் கணக்கு. கடைமடைக்குள் மண்ணும் வெயிலும் அவரவர் பங்கை எடுத்துவிடும். கொடுப்பவர் 150 என்பார், வாங்குபவர் நூறு கூட வரவில்லை என்பார். இருவர் கையிலும் அதே பூவரச இலைதான்.