முன்பணம் கொடுக்கும் முன் அந்த நிலத்தில் நடந்து பார்த்தீர்களா?

கடந்த வாரம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் தடித்த கோப்பு. வர்த்தூர் பக்கம் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றுக்கு ஆறு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வந்திருக்கிறார். "எல்லாம் சரியாக இருக்கிறது மேடம், விவசாயத்திலிருந்து கன்வர்ஷன் ஆன நிலம். நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட்டால் நிம்மதி" என்றார். இப்படிப் பணத்தைக் கொடுத்த பிறகு வருகிறவர்களை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு மனைக்குப் போனேன். தார்ச்சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம். குனிந்து பார்த்தால் இரண்டு பெரிய சிமென்ட் குழாய்கள். சாலையின் மறுபுறம் இறங்கிப் பார்த்தேன். குழாய்களின் வாயை அடைத்துக்கொண்டு ஆறடிச் சுவர் நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய தரையில், இந்த அம்மாவின் மனை. தண்ணீர் வரும் என்று தெரிந்துதானே ஒரு காலத்தில் அங்கே குழாய் பதித்தார்கள்? அந்தத் தண்ணீர் இனி எங்கே போகும் என்று விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

குனிந்து பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சென்ற மாதம் காலமானார். விளம்பரம் பிடிக்காதவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலே அவருக்கு வாழ்க்கை. மேசையில் உட்கார்ந்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவதை அவர் வேலையாகவே மதித்ததில்லை. அடைமழை பிடித்தால் நாங்கள் வீட்டுக்குக் கிளம்புவோம். அவர் ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு வாய்க்காலுக்குக் கிளம்புவார். அகரா ஏரியில் தொடங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் என்று தண்ணீர் போகிற வழியிலேயே நடந்து, தென்பெண்ணையைப் பிடித்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் போய் நின்றவர். நான்கு நாள் நடை. வழியில் மார்பளவு சேற்றில் சிக்கி, மாடு மேய்க்கும் பையன்கள் கயிறு போட்டு இழுத்திருக்கிறார்கள். இன்னொரு முறை, அளக்கவிடாமல் எங்களைச் சூழ்ந்துகொண்ட மனை வியாபாரியின் ஆட்களுக்கு நடுவே ஒரு கல்லில் உட்கார்ந்து, வரைய வேண்டியதை வரைந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பக்கத்தில் நின்ற எனக்குக் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"மேட்டில் இருக்கிற ஊர், ஆறும் இல்லை, வெள்ளம் எப்படி வரும் என்கிறார்கள். மேடு இருந்தால் பள்ளமும் இருக்குமே அம்மா" என்பார். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒருபக்கத்து மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. மறுபக்கத்து மழை ஏரி ஏரியாக இறங்கித் தென்பெண்ணையோடு கடலூருக்குப் போகிறது. ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அடுத்த ஏரிக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் பெரிய வாய்க்கால்தான் ராஜகாலுவே. (கோடி என்ற சொல் கன்னடத்திலும் அதேதான், ஏரிக்கரைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.) தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமானதும், சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானதும் எல்லாருக்கும் தெரியும். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலைக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்ததையும் பார்த்தோம். பார்த்த பிறகும் அதே சரிவில் மனை வாங்குகிறோம்.

"கன்வர்ஷன் ஆகிவிட்டது" என்று கேட்டாலே எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. திரும்பவும் சொல்கிறேன். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றிக்கொள்ள, 1964ஆம் ஆண்டுக் கர்நாடக நிலவருவாய்ச் சட்டத்தின் 95ஆவது பிரிவின்படி டெபுடி கமிஷனர், அதாவது நம் பக்கத்துக் கலெக்டர், கொடுக்கும் அனுமதி அது. மனைப்பிரிவுக்கான ஒப்புதல் வேறு. கட்டட அனுமதி வேறு. விற்பவருக்கு அந்த நிலம் சொந்தமா என்பது முற்றிலும் வேறு. காகிதத்தில் பயன்பாடு மாறியதால் நிலத்தின் மட்டம் ஓர் அங்குலம்கூட உயராது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கத்தாவைப் பட்டா என்று நினைத்துக்கொள்கிறார்கள். கத்தா என்பது சொத்துவரிக் கணக்கு. "வங்கியே கடன் கொடுத்துவிட்டதே" என்று இன்னொரு வாதம். வங்கியின் வழக்கறிஞர் படிப்பது பத்திரங்களை. கூடத்தில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் மாதத் தவணையை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஏரிக்கு எத்தனை மீட்டர் விலகிக் கட்ட வேண்டும் என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2016இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 75 மீட்டர் என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வியாபாரி தனக்குச் சாதகமான எண்ணைத்தான் உங்களிடம் சொல்லுவார்.

ஆகவே, தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். கிராம வரைபடத்தை வாங்குங்கள். ஓர் அங்குலத்துக்கு 660 அடி என்ற அளவில், ஓடைகளோடு வரைந்திருப்பார்கள். கர்நாடக அரசின் திஷாங்க் செயலியைத் திறந்து மனையின் நடுவில் நின்றால் சர்வே எண் தெரியும். அந்த எண்ணை வரைபடத்தில் தேடி, ஓடைக்கோடு எங்கே வருகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பஹணியில், அதாவது சர்வே எண்வாரியான நிலப் பதிவேட்டில், பி கராப் என்று இருந்தால் அது ஓடை, பாதை போன்ற பொது நிலம்; நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி. யார் விற்றாலும் வாங்காதீர்கள். அக்கம்பக்கத்துச் சுவர்களில் சேற்றுக்கறை ஒரே மட்டத்தில் ஓடுகிறதா பாருங்கள். கோரைப்புல் முளைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் யாரிடமாவது "நீரு எல்லி நில்லுத்தே?" என்று கேளுங்கள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியக் கன்னடம் போதும். முக்கியமாக, ஒரு நல்ல மழை நாளில் போங்கள். வாழ்நாள் சேமிப்பைப் போடுகிறீர்கள், செருப்பு நனைவதற்கு யோசிக்காதீர்கள்.

ஆசிரியை முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். பாதி தருவதாக வாய்வார்த்தை சொல்லியிருக்கிறார்களாம். வழக்கறிஞரின் நோட்டீஸ் இந்த வாரம் போகும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பெரியவர் டிரேசிங் துணியில் படியெடுத்து வைத்திருந்த வரைபடங்களை அவருடைய மகள் என்னிடம் கொடுத்திருக்கிறார். ஓடைகள் எல்லாம் அவர் கையால் நீலப் பென்சிலில் தீட்டியவை. சில இடங்களில் அவர் நனைந்த நாளின் சேறு இன்னும் ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் அவற்றை மேசையில் விரித்து வைக்கிறேன். சர்வே எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கட்டணம் வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு வாருங்கள்.